விழப் பழகிய பெரிய கிராணி

கத்தரிக்காய்க் குழம்பில் அன்று உப்புக் கூடிவிட்டது. கூடிவிட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. துறைமுகத்துக் கடல் தண்ணீரை மொண்டு வந்து காய்ச்சியது போல இருந்தது என்பதுதான் உண்மை. பினாங்கு ஆர்கைல் ரோட்டு யோகலட்சுமி சமையலில் சோடை போகிறவள் அல்ல. ஆனால் அன்று காலை எதிர்வீட்டுச் சவுந்தரத்தோடு ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டே உப்புப் போட்டாள். பேச்சு ருசியாக இருந்தது. உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது.

கணவர் அம்பிகைபாகன் ஒரு வாய் வைத்ததுமே அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தயாராக நின்றாள். அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. கந்தோரில் கீழே உள்ளவர்கள்மேல் போட்டது போக மிஞ்சிய சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற வழக்கமுள்ளவர். அந்த வீட்டில் இன்றைக்கு என்ன கறி, அதில் என்ன குறை என்பது வரிசையின் கோடிவீடு வரைக்கும் தெரியும்.

"உப்பெண்டு சொல்லப் போறியள், என்ன? ஒரு நாளைக்குக் கூடினால் குடியே முழுகிப் போகும்?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

அம்பிகைபாகன் நிமிர்ந்து பார்த்தார். "ஓம், நீர் சொல்லுறது சரிதான். ஒரு நாளைக்குத்தானே," என்றார். இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து உப்பைப் பரவலாக்கிச் சாப்பிட்டார்.

அடுத்து எடுத்துவிட யோகலட்சுமி அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம், மாமியாரின் கைப்பக்குவம் முதற்கொண்டு, அப்படியே நின்றுவிட்டன. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு சும்மா சாத்தியிருந்தால் ஒருத்தி எப்படித் தடுமாறி உள்ளே போய் விழுவாளோ, அப்படி ஆகிவிட்டது. அவள் அரிசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அவளிடம் "சரிதான்" என்று ஒரு தரமும் சொன்னதில்லை.

அவர் கந்தோருக்குப் போனதும் ஜன்னலுக்கு ஓடினாள்.

"சவுந்தரம்! சண்டையே வரேல்லையடி!"

"அதான்க்கா நானும் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஒண்ணுமே கேக்கல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணனுக்கு?"

"ஓம், நீர் சொல்லுறது சரி எண்டாரடி."

சவுந்தரம் சிலுவை போட்டுக்கொண்டாள். "அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஆம்பள வீட்ல சண்டை போடலன்னா வெளிய சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம் லா."

இந்த எண்ணம் யோகலட்சுமிக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வந்த பிறகு எல்லாம் அதற்குத் தோதாகவே வந்து பொருந்திக்கொண்டது. கொஞ்ச நாளாக அவர் மாலையில் ஒரு துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசகசாலைக்கு என்று கிளம்புகிறார். பேப்பர் வாசிக்கப் போகிறவருக்கு மூட்டை எதற்கு? திரும்பி வரும்போது ஒரு பக்கம் நொண்டுகிறார். கேட்டால் வாதம் என்கிறார். சட்டையில் கிராம்பு வாசனை. மல்லிகை என்றால் ஒரு மாதிரி, அத்தர் என்றால் இன்னொரு மாதிரி. கிராம்பு வாசனையடிக்கிற பெண்பிள்ளை எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

காலமும் பொல்லாத காலம். யாழ்ப்பாணத்தார் வாசகசாலைச் சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அடுத்த வாரம். அம்பிகைபாகன் பெயரைப் பலரும் சொல்லிவிட்டார்கள். தலைவர் ஆகிறவரின் மனைவிக்கு விழா நாட்களில் மேடையில் மெத்தை தைத்த பிரம்பு நாற்காலி. பக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் பெண்சாதி. அந்த நாற்காலியில் உட்காரவென்று யோகலட்சுமி நீலக்கரைச் சேலை எடுத்து, அதை எடுத்த சங்கதியை ஊர்க்கோடி ஜெலுத்தோங் வரை சொல்லியும் வைத்திருந்தாள். எதிராளி அப்புத்துரை, நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். குற்றம் பிடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அவர் காதில் ஒரு சொல் விழுந்தால் நாற்காலி போயிற்று.

இரண்டு நாள் கழித்துச் சவுந்தரம் பின்வாசல் வழியாகவே வந்தாள். ஜன்னலில் சொல்லக்கூடிய செய்தி அல்ல என்பது அதிலேயே தெரிந்தது.

"அக்கா, ஒக்காருங்க மொதல்ல. எங்க வீட்டுக்காரரு வின்சென்ட் பாத்தாராம். அண்ணன் ரிக்சாவ விட்டு எறங்கினது வாசகசாலையில இல்ல. ஜப்பான் தெருவுல."

யோகலட்சுமி உட்கார்ந்தே இருந்தாள், இல்லாவிட்டால் விழுந்திருப்பாள். ஜப்பான் தெரு என்று சொன்னால் பினாங்கில் குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்கள். பவுடர் பூசிய பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்த வீடுகளை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அங்கே இருப்பது போட்டோக் கடை, முடிவெட்டும் கடை, துணிக்கடை. ஆனால் வீடுகள் திருந்தின வேகத்தில் தெருவின் பெயர் திருந்தவில்லை.

"நான் போய்ப் பாக்கப் போறன்," என்றாள்.

"தனியாவா? ஐயோ மாதாவே, நானும் வரேன்," என்றாள் சவுந்தரம். அந்தக் காட்சியைப் பார்க்கத் தனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலை குரலிலேயே இருந்தது.

மாலையில் இரண்டு பேரும் ஒரே ரிக்சாவில், மூடியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருடைய ரிக்சாவின் பின்னாலேயே போனார்கள். அம்பிகைபாகன் உள்ளே போனது ஒரு ஜப்பான் பல் டாக்டரின் கிளினிக். வாசலில் பெரிதாக ஒரு பல் படம். யோகலட்சுமி அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தாள். போன வருஷம் கந்தோர்ப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவர் முன்பல்லை உடைத்துக்கொண்டபோது கட்டிவிட்டவர் இந்த மொரித்தா டாக்டர்தான். கிராம்புத் தைலம் பல்லுக்குப் போடுவது. அப்படியானால்...

"அக்கா, பின்னால சந்து இருக்கு. ஜன்னல் இருக்கு," என்றாள் சவுந்தரம். எந்தத் தெருவிலும் ஜன்னல் எங்கே இருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஜன்னல் வழியே பார்த்த யோகலட்சுமிக்கு முதலில் தெரிந்தது ஒரு பெரிய அறை. தரை முழுவதும் தடித்த பாய். சுவரில் மீசை வைத்த ஒரு பெரியவரின் படம். பாயின் நடுவில் அவளுடைய கணவர். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. கித்தான் மாதிரி முரட்டு வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே முடிந்துபோன காற்சட்டை, இடுப்பில் துணிப் பட்டி. நெற்றித் திருநீறு மட்டும் வீட்டில் பூசியபடியே இருந்தது. சம்மணம் கொட்டக்கூடச் சிரமப்படுகிற அந்தப் பெரிய உடம்பு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. எதிரே இன்னொருவன், அதே மாதிரி சட்டையில், அதே மாதிரி மண்டியிட்டு.

அது சின்னையா.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சின்னையா. ஓய்வு நாளில் வந்து அவள் வீட்டுப் பின்கட்டில் விறகு பிளக்கிறவன். அவனுக்கென்று பின்சுவர் ஆணியில் ஓர் எனாமல் குவளை தொங்குகிறது. அதில் தேத்தண்ணியைத் தூக்கி ஊற்றுவாள், குவளையைத் தொடமாட்டாள். அந்தச் சின்னையாவின் முன்னால் பெரிய கிராணி அம்பிகைபாகன் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார்.

பவுடர் பூசிய பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்வதென்று யோகலட்சுமிக்குத் தெரியும்; ஒப்பாரிகூட வரும் வழியிலேயே தயார் செய்திருந்தாள். இதற்கு என்ன ஒப்பாரி வைப்பது?

"அக்கா, அவனும் கும்புடுறான் பாருங்க," என்று சவுந்தரம் முழங்கையால் இடித்தாள். அது யோகலட்சுமியின் கண்ணில் படவே இல்லை.

இருவரும் எழுந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ஒரு சுற்று. அவ்வளவுதான். பெரிய கிராணி சின்னையாவின் இடுப்புக்கு மேலே போய், கால் மேலே தலை கீழே ஆகி, பாயில் வந்து விழுந்தார். டமார் என்று ஒரு சத்தம்.

"ஐயோ, என்ரை தாலி!" என்று யோகலட்சுமி போட்ட கூச்சலில் போட்டோக் கடைக்காரன் வெளியே ஓடி வந்தான்.

உள்ளே கிடந்த அம்பிகைபாகன் எழுந்தார். எழுந்தது மட்டுமா, சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

மொரித்தா டாக்டர் வெளியே வந்து, பதறாமல் இருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில், "துவான் பெலாஜார் ஜாத்தோ," என்றார். ஐயா விழப் படிக்கிறார். அதை ஒரு பட்டப் படிப்பு போல அவ்வளவு கௌரவமாகச் சொன்னார்.

யோகலட்சுமி கணவரோடு ஒரு ரிக்சாவில் ஏறினாள். சவுந்தரத்தை இன்னொரு ரிக்சாவில் அனுப்பிவிட்டாள், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு. தனியே அனுப்பியதுதான் பிழை. கண்ட செய்தியோடு ஒருத்தியை ஊருக்கு நடுவே தனியே விடுவது நெருப்புப் பெட்டியோடு கிட்டங்கியில் விடுவது மாதிரி. அது யோகலட்சுமிக்குத் தெரியாததல்ல. அதிர்ச்சியில் புத்தி வேலை செய்யவில்லை.

"உதென்ன விசர் வேலை?" என்று தொடங்கினாள். "இந்த வயசிலை, விறகு கொத்திறவன் தூக்கிப் போட..."

"பல்லுக் கட்டேக்கை டாக்குத்தர் சொன்னவர். பல்லை நான் எத்தினை தரமும் கட்டுவன், ஆனால் உமக்கு விழத் தெரியேல்லை, அதைப் படியும் எண்டு. ஜூடோ எண்டு பேர். முதல் மாசம் முழுக்க விழுகைதான். விழேக்கை கையாலை பாயை ஓங்கி அறைய வேணும். அடி கைக்குப் போகும், தலைக்குப் போகாது. அந்தச் சத்தம்தான் நீர் கேட்டது."

"அதுக்கு ஊரிலை வேறை ஆள் இல்லையே? சின்னையாதானோ?"

"என்ரை பாரத்துக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "அங்கை உத்தியோகம் பாத்துச் சோடி சேக்கிறேல்லை, பாரம் பாத்துத்தான். டாக்குத்தரின்ரை பெரிய கதிரையைத் துறைமுகத்திலையிருந்து தூக்கி வந்தவன் அவன். கண்ட உடனை டாக்குத்தர் விடேல்லை."

"சரி, விழுந்து துலையுங்கோ. கும்பிடுவான் ஏன்? அவனை!"

"நானும் முதல் நாள் கும்பிடேல்லை," என்றார் அம்பிகைபாகன். "சும்மா தலையை ஆட்டினனான். டாக்குத்தர் என்னை மூலையிலை இருத்திப் போட்டார். பிறகு சொன்னார், உன்னைப் பிடிச்சு விழுத்த ஒருத்தன் தன்ரை உடம்பைத் தராட்டில் நீ ஆரிட்டைப் படிப்பாய் எண்டு. சுவரிட்டையோ? அவன் எனக்கு வாத்தியார் இல்லை, நான் அவனுக்கு எசமான் இல்லை. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பாடப் புத்தகம். புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுறம்தானே? இன்னுமொண்டு. நீர் கவனிச்சனீரோ தெரியாது. அவன் என்னை எறியேக்கை கடைசி மட்டும் என்ரை சட்டைக் கையை விடேல்லை. விட்டால் தலை அடிபடும். எறியிறவன்தான் பிடிச்சிருக்க வேணும். அதுதான் சட்டம்."

அவள் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் நெற்றியும் பாயும் மட்டும்தான் நின்றன.

"அப்ப அண்டைக்கு உப்புக்கு, சரிதான் எண்டு சொன்னது?"

"தள்ளுறவரோடை திருப்பித் தள்ளக் கூடாது. விட்டுக் குடுத்தால் தள்ளினவர்தான் நிலை தவறுவார்," என்றார் அம்பிகைபாகன்.

"அப்ப நான் நிலை தவறினது உங்களுக்குத் தெரியும்!"

"ஓம்," என்றார். அதற்குமேல் சொன்னால் ஆபத்து என்று படித்த வித்தை சொல்லியிருக்க வேண்டும்.

அந்தோனியார் சத்தியம் கூட்ட நாள் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சங்க மண்டபத்தில் ஆண்கள் முன்வரிசைகளிலும் பெண்கள் பின்னால் பெஞ்சுகளிலும் இருந்தார்கள். யோகலட்சுமி நீலக்கரைச் சேலையில் வந்திருந்தாள். அவள் உட்கார்ந்ததும் இரு பக்கத்துப் பெஞ்சும் கொஞ்சம் நகர்ந்துகொண்டன. அதிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக, ஊர்ப் பேச்சில் அடிபட்டவர்களை விட்டு அவள் நகர்ந்த நகர்வு அது. அளவு முதற்கொண்டு தெரியும்.

அப்புத்துரை எழுந்து மேடைக்குப் போனார். "சபையோரே, ஒரு கேள்வி மாத்திரம். தலைவராக வர நிக்கிற கனவான், ஜப்பான் தெருவிலை ஒரு மூட்டைக்காரனுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு தலை குனியிறாராம். உண்மையோ, பொய்யோ? இல்லையெண்டு இந்தச் சபையிலை சத்தியம் பண்ணட்டும்!"

இல்லை என்று சொல்லுங்கோ, இல்லை என்று சொல்லுங்கோ என்று யோகலட்சுமி நல்லூர்க் கந்தனிடமே மன்றாடினாள்.

மேடையில் உட்கார்ந்திருந்த அம்பிகைபாகன் எழுந்து நின்றார். "ஓம், உண்மைதான்," என்றார். "அவனும் எனக்குக் குனியிறவன். அதையும் சேத்துச் சொல்லுங்கோ."

அப்புத்துரை அடுக்கி வைத்திருந்ததெல்லாம் "இல்லை" என்ற பதிலுக்கு. சாட்சிகூடத் தயார். "ஓம்" என்றதும் அவர் முகம், உப்புக் குழம்பு நாளில் யோகலட்சுமியின் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படியே ஆகிவிட்டது. கோபம் தலைக்கேறியது. "என்ன ஓம்? என்ன ஓம் எண்டு கேக்கிறன்!" என்று நெருங்கி வந்து, நெஞ்சில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

பெரிய கிராணி பின்னால் ஓர் அடி வைத்தார். அங்கே மேடை இல்லை.

டமார்!

துவக்கு வெடித்தது போல இருந்தது. கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. பெண்கள் பக்கம் ஒரே ஓலம். அத்தனை பெரிய உடம்பு மல்லாக்கக் கீழே கிடக்கிறது. அப்புத்துரை மேடையின் ஓரத்தில், தள்ளின கை தள்ளினபடியே நீட்டியிருக்க, சாம்பல் நிறமாகிப் போனார். "நான் கொல்லேல்லை... நான் மெல்லத்தான்..." என்று உதடு மட்டும் அசைந்தது.

மண்டபத்தில் கத்தாதவள் யோகலட்சுமி ஒருத்திதான். அந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அது தலையின் சத்தம் இல்லை, கையின் சத்தம்.

அம்பிகைபாகன் எழுந்தார். கோட்டைத் தட்டிவிட்டார். தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டார். மேடையில் ஏறி, அப்புத்துரையின் முன்னால் கால்களைச் சேர்த்து நின்று, இடுப்பு வரை குனிந்தார். அப்புத்துரை அதைப் பார்த்ததும் செத்தவர் ஆவி வந்து கும்பிட்டது போல ஒரு முனகல் முனகிச் சாயப் போனார். அம்பிகைபாகன் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து, விடாமல், மெல்ல நாற்காலியில் இருத்தினார். "ஆராவது தண்ணி குடுங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு வாக்கெடுப்பில் என்ன இருக்கிறது? கை தூக்காதவர்கள் தூக்க முடியாத கிழவர்கள் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் யோகலட்சுமி கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். அவள் ஜன்னலைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"வேணுமெண்டுதானே விழுந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"வேணுமெண்டோ?" அம்பிகைபாகன் முழங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "மேடை முடிஞ்சது எனக்குத் தெரியேல்லையப்பா. பழகாமல் விட்டிருந்தால் இந்நேரம் நீர் வெள்ளைச் சேலையிலை இருந்திருப்பீர்."

யோகலட்சுமி நீலக்கரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சபை முழுவதும் பெரிய சாணக்கியம் என்று வியந்துகொண்டு போயிருக்கிறது. இந்த மனுஷனோ மேடை முடிந்தது தெரியாமல் விழுந்து, செத்துப்போகாமல் வந்திருக்கிறார். மயக்கம் அப்போதுதான் வந்தது.

புதுத் தலைவர் செய்த முதல் வேலை, சங்கத்து இளைஞர்களுக்கு மண்டபத்தின் பின்னறையில் பாய் விரித்தது. டாக்டர் வந்து சொல்லித்தருவார். விழுந்து காட்டச் சின்னையா. அதைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னவர், எப்படி வர வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார் போல. பின்கட்டில் வந்து இருமுகிறவன் அன்று முன்வாசலில் நின்று, "அம்மா, ஐயா இந்த வழியா வரச் சொன்னாங்க," என்றான். அவனுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"குளிக்கிறார். நில்லு," என்று உள்ளே போனாள். தேத்தண்ணியை ஆற்றினாள். கை தானாகப் பின்சுவர் ஆணிக்குப் போனது. குவளை கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அதை எடுத்து முன்வாசலுக்குக் கொண்டுபோனால் தெருவே பார்க்கும். தலைவர் வீட்டு முன்வாசலில் எனாமல் குவளை. எடுக்காவிட்டால் அலுமாரியில் விருந்தாளிகளின் மூக்கு வைத்த வெண்கலப் பேணிதான் இருக்கிறது. அதை இவனுக்குக் கொடுத்தால்? கடைசி மட்டும் சட்டைக் கையை விடாத கை அது என்று ஒரு நினைப்பு, அழைக்காமலே வந்து குறுக்கே நின்றது. யோகலட்சுமி தன்னையே ஒரு தரம் திட்டிக்கொண்டு, மூக்குப்பேணியில் ஊற்றி, வெளியே கொண்டுவந்து நீட்டினாள்.

சின்னையா பேணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல், பழகிய உடம்பு செய்வதைச் செய்தான்: கால்களைச் சேர்த்து நேராக நின்று, இடுப்பு வரை குனிந்தான்.

அவளுடைய தலையும் குனிந்தது. அவளைக் கேட்காமல், அவள் அனுமதி இல்லாமல், முந்தானை தரையைத் தொடுகிற அளவுக்கு.

நிமிர்ந்தபோது நேர் எதிரே சவுந்தரத்தின் ஜன்னல் திறந்திருந்தது. அவள் வாயும் திறந்திருந்தது.

"அக்கா!" என்று தெரு அதிரக் கத்தினாள் சவுந்தரம். "நான் பாத்தது நெசமா? நீங்க அவனுக்கு..."

நான் குனியேல்லை, முந்தானையை எடுத்தனான் என்று சொல்ல யோகலட்சுமிக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சவுந்தரம் விடமாட்டாள். ஒரு மாசத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். யோகலட்சுமி வாசற்படியில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றாள்.

"ஓம் சவுந்தரம்," என்று கோடிவீடு வரை கேட்கச் சொன்னாள். "நீ பாத்தது சரிதான்."

எதிர் ஜன்னலில், நிலை தவறிய சவுந்தரத்தின் கை பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடியது.